மஞ்சள் ஏறாத குழாய்

1997. நெல் கதிர் விடும் சமயம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த வேனிலிருந்து விவசாயி அப்பாசாமியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே அவர் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. காலில் இரண்டு கீறல்கள். பாம்புதான் என்று கூட வந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

டாக்டர் இளவரசன் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். கண்பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது.

"வயலுக்கு மருந்து அடிச்சாராம்மா?"

"இன்னைக்கு இல்லைங்க. மருந்து அடிக்கிற பம்பு ஒழுகுதுன்னு கழட்டிக்கினு இருந்தாரு, அவ்ளோதான்" என்றாள் மனைவி மணியம்மாள்.

டாக்டர் நுரையை அடக்க ஒரு ஊசியைப் போட்டுவிட்டு, சந்தேகம் தீர ரத்தத்தை லேபுக்கு அனுப்பினார்.

லேபில் இருந்தவள் ஹைமவதி. கோயில் குருக்கள் வீட்டுப் பெண், உயிர்வேதியியல் படித்தவள். கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளக்கும் ரசாயனப் பெட்டியை அடம்பிடித்து வாங்க வைத்திருந்தாள். அதைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை. நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். பூச்சிமருந்து அந்த நொதியைத்தான் முடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தன் ரத்தத்தையும் நர்ஸிடம் எடுக்கச் சொன்னாள். இரண்டு குழாய்கள். அவளுடையது மளமளவென்று எலுமிச்சை நிறத்துக்கு ஏறியது. அப்பாசாமியுடையது அசையவில்லை. மறுபடியும் கலந்தாள். மறுபடியும் வெறும் தண்ணீர் நிறம்.

வார்டுக்கு ஓடினாள். "டாக்டர், பூச்சிமருந்துதான்! நொதி வேலையே செய்யல!"

"நிச்சயமா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்!"

மாற்றுமருந்து ஏறத் தொடங்கியது. சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

"ஒரு வாரமா இதே சட்டையிலதான் அடிச்சிக்கினு இருந்தாரு" என்று மணியம்மாள் அப்போதுதான் சொன்னாள்.

அப்பாசாமி பிழைத்துக்கொண்டார். தினமும் அவர் ரத்தத்தைப் பார்த்துவந்த ஹைமவதி, ஒரு காலையில் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகச் சிரித்தாள். மணியம்மாளை உள்ளே இழுத்துவந்தாள்.

"பாருங்க, உங்க வீட்டுக்காரர் ரத்தம். மஞ்சள் மெதுவாதான் ஏறுது. ஆனா ஏறுது!"

மணியம்மாள் குழாயை உற்றுப் பார்த்தாள். "எங்க தெருவுல இதே மருந்த அடிக்கிறவங்க ஜாஸ்திங்க. அவங்களுக்கும் பாப்பீங்களா?"

"கூட்டிட்டு வாங்க!"

மறுநாள் காலையிலேயே வேன் வந்து நின்றது. முதல் ஆளாக இறங்கிய அதே தெருத் திரௌபதி, "எனக்குத்தான் மொதல்ல எடுக்கணும்" என்று கையை நீட்டினாள். பின்னால் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். குழாய் போதாது என்று கண்ட ஹைமவதி, பக்கத்துத் தெரு லேபில் இரவல் கேட்கச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.