பில்லில் பேரு சரியா?

புதுக் கணினி வாங்க, சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்கு வந்திருந்தார் மனோரஞ்சிதம். கணினிக்குப் போக அவர் கையில் மிஞ்சுவது நாற்பது வெள்ளிதான். கடைக்கார அருண்ராஜோ விடுவதாயில்லை.

“எழுதுற சாஃப்ட்வேர் நூத்தம்பது வெள்ளி, ஆன்டிவைரஸ் அறுபது. இது ரெண்டும் இல்லன்னா வெறும் டப்பா லா, ஆன்ட்டி!”

“எங்க அடுக்குமாடி புளோக் மகளிர் குழு மீட்டிங் குறிப்பு எழுதத்தான் தம்பி. ஃப்ரீயாவே ஒண்ணு இருக்காமே?” தங்கை மகள் வினுஷா அதன் பெயரை எழுதிக் கொடுத்திருந்த சீட்டை நீட்டினார்.

“ஐயோ, இதையா? பாதி எழுதும்போதே நின்னுடும்!”

முப்பது வருஷம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவரிடமா இந்தக் கதை? மனோரஞ்சிதத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும், “கம்ப்யூட்டருக்கு மட்டும் பில் போடுங்க” என்று மட்டும் சொன்னார்.

மடமடவென்று தட்டிய அருண்ராஜ், தன் திரையை அவர் பக்கம் திருப்பினான். “பேரு சரியா பாருங்க, ஆன்ட்டி.”

பெயர் சரியாகத்தான் இருந்தது. திரையின் உச்சியில் இன்னொரு பெயரும் இருந்தது. சீட்டில் வினுஷா எழுதியிருந்த அதே பெயர்.

“இதுல எத்தனை வருஷமா பில் போடறீங்க, தம்பி?”

அருண்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஆறு வருஷம், ஆன்ட்டி.”

“ஒரு தடவைகூட நிக்கலையே! உங்க கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்கோ, அதையே எனக்கும் போட்டுக் குடுங்க.”