இரவல் குப்பை

சுதந்திரம் வரப்போகிறது, ஊர் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நகர சபைக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு எங்கள் காஜா பேராங் பக்கம் லாரியை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு குப்பைத்தொட்டி, இலவசம். கைப்பிடி வைத்து மூடி போட்ட புத்தம்புதிய தகரத் தொட்டி. வெயிலில் அது மின்னிய மின்னலில் எனக்குக் கண் கூசியது. என் கல்யாணச் சீரில்கூட அப்படி ஒரு சாமான் வரவில்லை.

அதில் போய்க் குப்பையைப் போட எனக்கென்ன பைத்தியமா? வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அரிசியைக் கொட்டி மூடினேன். அதுவரை சாக்கில் கிடந்த அரிசியில் எங்களுக்குச் சரிபாதியாக எலியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்றோடு அதன் கொட்டம் அடங்கியது.

விதி என்னவென்றால், செவ்வாயும் சனியும் தொட்டியைக் குப்பையோடு வாசலில் வைக்க வேண்டும். தவறினால் சம்மன். இதை எழுதிய புண்ணியவான் வாழ்நாளில் அடுப்படிப் பக்கம் போயிருக்க மாட்டார். குப்பைக்கு நான் எங்கே போவேன்? பால் டின்னில் அரிசி அளக்கிறேன். மண்ணெண்ணெய் டின்னின் வாயை வெட்டிக் கட்டை அடித்தால் வாளி. கழுநீர் பின்சந்துச் சீனரின் பன்றிக்கு. பழைய பேப்பர் பொட்டலம் மடிக்க மளிகைக் கடைக்குப் போய்விடும். பாட்டிலுக்கு, சைக்கிளில் கூவிக்கொண்டு வருகிறவர் இருக்கிறார். மீன் செதிளுக்குப் பூனை. மிஞ்சுவது அடுப்புச் சாம்பல். அது இல்லாமல் பாத்திரத்தை எதை வைத்துத் துலக்குவது?

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பூங்காவனம் வீட்டுத் தொட்டியில் ஆட்டுக்குத் தவிடு. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியின் தொட்டியில் குரோப்போக் என்கிற மீன் அப்பளம், நமுத்துப் போகாமல். அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊறிப்போன செட்டிக் குடும்பம், பேசுவதெல்லாம் மலாய். யாராவது ஒரு சிரட்டையைத் தூக்கி எறியப் போனால் "சாயாங்லா!" என்று நெஞ்சில் கை வைப்பார். அதை எனக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நடராஜன் அதே நகர சபையில் பியூன். கல்யாணமான நாளிலிருந்து தற்காலிகப் பியூன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை முகம் வெளுத்து வந்து சேர்ந்தார்.

"ருக்கு, புது இன்ஸ்பெக்டர் கருணாகரன் நாளைக்கு நம்ம வரிசைக்கு வர்றாரு. வெள்ளைக்காரன் எந்திரிச்சுப் போன நாற்காலியில இப்பதான் உட்கார்ந்திருக்காரு, ரொம்பக் கறார். ஆபீஸ் ஆளுங்க வீட்டுக்கே சம்மன் வந்தா, பெர்மனென்ட் ஆகுறத விடு, இருக்கிற வேலையும் போயிடும்லா."

"அரிசிய எங்கங்க கொட்டுறது?"

"அரிசி கெடக்குது. குப்பைக்கு எங்க போறது?"

நகர சபையில் இத்தனை காலம் இருந்தும் புத்தி மழுங்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வேலியோரமாக ஓடினேன். நல்லவேளை, வரிசையின் முதல் வீட்டுச் சபியா அக்கா அன்று பகலில் விருந்து வைத்திருந்தார். அவர் தொட்டியில் மட்டும் நிஜமான குப்பை இருந்தது: வாழையிலை, தேங்காய்ச் சிரட்டை, எலுமிச்சைத் தோல், ஒரு சர்பத் பாட்டில்.

"குப்பையத்தானே கேக்குறீங்க, என்னமோ நகை இரவல் கேக்குற மாதிரி தயங்குறீங்களே" என்றார் சபியா அக்கா.

பெண்கள் நாலு பேரும் கூடிப் பேசி முடித்தோம். இன்ஸ்பெக்டர் சபியா அக்கா வீட்டில் தொடங்கி எங்கள் வீட்டில் முடிப்பார். ஒரு வீட்டில் பார்த்து முடித்ததும் அந்த வீட்டு ஆண் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுக்க வேண்டும். அவர் குடித்து முடிப்பதற்குள் சபியா அக்காவின் தொட்டி குப்பையோடு கொல்லைப்பக்கமாக அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. நாங்கள்தான் நாங்களாகவே இருந்து கெடுத்தோம். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும் சபியா அக்காவுக்குப் பாட்டில் கண்ணில் பட்டது. ஒரு பாட்டில்தானே என்று எடுத்துக்கொண்டு தொட்டியை அனுப்பினார். பூங்காவனத்தின் ஆடுகள் வாழையிலை வாசம் பட்டதும் கத்தத் தொடங்கின. பார்வை முடிந்ததும் வாயில்லா ஜீவனை ஏமாற்ற மனம் வராமல் இலையெல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டாள். பாக்கியலட்சுமிக்குச் சிரட்டை அடுப்பெரிக்க, எலுமிச்சைத் தோல் குத்துவிளக்குத் தேய்க்க.

கடைசியாகத் தொட்டி வேலி தாண்டி என் கைக்கு வந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே என் முகம் தெரிந்தது. பாக்கியலட்சுமி அதைத் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தார். அடியில், இலையில் மடித்த நாலு கூவேப் பலகாரம்.

போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் அவரை எப்படித் திட்டுவது? இரவல் சாமானைக் கழுவாமல் கைமாற்றுவது மரியாதையில்லை. வெறுமனே கொடுப்பது அதைவிட மரியாதையில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கூவேயை எடுத்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு வேலை இருந்தது. கதவுக்குப் பின்னால் குடை தொங்கியது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கடையில் அப்பா வாங்கி, கல்யாணத்தன்று என் கையில் கொடுத்த குடை. துணி நைந்து போய்க் கம்பியும் பிடியும் மட்டும் மிச்சம். துணி போட்டால் போதும், துணி போட்டால் போதும் என்று நானும் எத்தனையோ மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் அதைப் பார்ப்பதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "அது வேணாம் ருக்கு. உங்கப்பா கொடுத்தது."

சொல்லிவிட்டு நடுக்கூடத்தில் நின்றார். காலரைத் திருப்பித் தைத்த வெள்ளைச் சட்டை. பெர்மனென்ட் ஆகப்போகிறவர் போல அதற்கு அவரே பெட்டி போட்டிருந்தார். குடை போனால் போகட்டும், இந்த மனிதர் தலை குனிந்து நிற்கக் கூடாது. பிடுங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் செருகினேன். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் மூடிகூட மூடவில்லை.

கருணாகரன் வந்தார். மூன்று வீட்டுக் காப்பி குடித்த களைப்பு முகத்தில் இருந்தது. மூடியை எடுத்தார், குடையை எடுத்தார், விரித்துச் சுழற்றிப் பார்த்தார்.

"இதையா போடுறீங்க? ஒரு கம்பிகூட வளையலையே. துணி போட்டா போதுமே!"

என் வாய் வார்த்தையை என் வாசலில் நின்றே சொல்கிறார். பிடுங்கலாமா என்று கை பரபரத்தது. அவரோ குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"தொட்டி காலியா இருக்கே?"

என் வீட்டுக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இருந்த குப்பைதான் உங்க கக்கத்துல இருக்கே சார்."

அவர் என்னைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். தொட்டி காலி என்று சம்மன் எழுத வேண்டுமானால் குடையைக் குப்பையில்லை என்று திருப்பித் தர வேண்டும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி நடராஜன், வீடு சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். வேலிப் படலைத் தாண்டியவர் திரும்பி வந்து, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இந்தத் தொட்டியில அரிசி போட்டா வண்டு வருமா? வீட்ல கேட்டாங்க."

"காஞ்ச மிளகாய் நாலு போட்டு வைங்க சார். வராது."

அன்று மாலை தொட்டியைக் கழுவி, ஒரு டின் அரிசி போட்டுச் சபியா அக்காவிடம் சேர்த்தேன். சுதந்திரம் வந்தது, பின்னாலேயே என் வீட்டுக்காரருக்கு வேலையும் நிரந்தரமாயிற்று. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த மழைக்காலத்தில் கருணாகரன் எங்கள் தெருவுக்கு மறுபடி வந்தார். தலைக்கு மேல் புதுக் கறுப்புத் துணி போட்ட என் குடை. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. நான் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நனைந்தபடி வாசலில் நின்று பார்த்தேன்.

துணி போட்டால் போதும் என்று நான் சொன்னபோது இந்த வீட்டில் யார் கேட்டார்கள்?