எட்டுப் பல்லும் ஒரே பக்கம்

டெய்லருக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் எது கெட்டாலும், "இதுக்குப் போய் காசு குடுப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிடுவார். குடை பிழைத்தது. மின்விசிறியும் பிழைத்தது; என்ன, கொஞ்சம் இருமிக்கொண்டே சுற்றும். சுவர்க்கடிகாரம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி மனைவி பேச்செடுத்தால் அவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விடும்.

மனைவியைத் தெருவே நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். மூலையில் இருக்கும் சின்ன கிளினிக்கில் பதினோரு வருடம் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, ஆள் வராத நாளில் தரையையும் துடைத்தவள். இப்போது பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். ஊரைவிட்டு முதல் பஸ் கிளம்புவதே ஆறு மணிக்கு. ஆக, பைக்கில்தான் போக வேண்டும், அதுவும் இருட்டில். பைக் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். டெய்லருக்கு எப்போதும் பின்சீட்டு.

அந்த பைக்குதான் வியாழக்கிழமை விளக்கு மங்கி, வெள்ளிக்கிழமை படுத்துவிட்டது. மெக்கானிக் பேட்டரியை சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஸ்டேட்டர் காயில் கருகிப்போச்சு. விளக்கு போட்டா இந்த சார்ஜ் ரொம்ப தூரம் தாங்காது. புதுசு இருக்கு, மாட்டிடவா?" என்றார். விலையைச் சொன்னார். அரை மாத வாடகை.

வந்துவிட்டது வியாதி. "சுத்துறதுதானே? முப்பது வருஷமா நான் வேற என்ன பண்றேன்? தையல் மெஷின் பாபின்ல நூல் சுத்துறேன். இது கொஞ்சம் பெரிய பாபின்," என்றார் டெய்லர் வீட்டுக்கு வந்து.

"நீங்க டெய்லர்ங்க. மெக்கானிக் இல்ல."

"நூலா இருந்தா என்ன, கம்பியா இருந்தா என்ன?"

"திங்கட்கிழமை நான் போகணும். முதல் நாளே வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. வரிசையில நிக்கிறாங்க. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கத்தியிருந்தால்கூட டெய்லருக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஸ்டேட்டர் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு இரும்புச் சக்கரம், சுற்றிலும் எட்டுப் பல், ஒவ்வொரு பல்லிலும் செம்புக்கம்பிச் சுற்று. அதைச் சுற்றிக் காந்தம் ஓட ஓட கம்பியில் மின்சாரம் பிறந்து, பேட்டரிக்கும் விளக்குக்கும் போகும். பழைய கம்பி கருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரிக்க வரவில்லை. டெய்லர் பிளேடை எடுத்து, பழைய தையலை அறுப்பது போல ஒரே அறுப்பாக அறுத்து எடுத்தார். அறுந்த முனைகளை எண்ணினார். பல்லுக்கு ஐம்பத்திரண்டு. எத்தனை சுற்று என்று எண்ணினாரே தவிர, எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்று பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி விற்கும் வயர்கடைக்காரர் அதே கனத்தில் கம்பி நிறுத்துக் கொடுத்தார். கம்பி ஒட்டும் இடத்துக்கு மேலே செருகப் பிளாஸ்டிக் குழல், பல்லில் சுற்ற மெழுகுத்தாள், பூச வார்னிஷ் எல்லாம் கொடுத்து, தன்னுடைய மீட்டரையும் இரவல் கொடுத்தார். "வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னால மாட்டிப் பாத்துடுங்க. சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க."

டெய்லருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே.

சனிக்கிழமை துணி வெட்டும் மேஜையில் சுற்ற ஆரம்பித்தார். கம்பி நூலைப் போல இல்லை. விட்டால் துள்ளும், இழுத்தால் விரலை அறுக்கும். ஆனாலும் கை பழகிவிட்டது. பத்துச் சுற்றுக்கு ஒரு சாக்பீஸ் கோடு. நடுவில் ஒரு அம்மா பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்து, "எப்பக் கிடைக்கும்?" என்றாள்.

"முப்பத்தேழு," என்றார் டெய்லர்.

"முப்பத்தேழு நாளா? ஒரு பேன்ட்டுக்கா?"

"முப்பத்தெட்டு," என்றார் அவர். அந்த அம்மா பேன்ட்டை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

மாலையில் கிளினிக்கில் கடைசி நாளை முடித்துவிட்டு வந்த நர்ஸம்மா, கோபத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசி இரண்டு பல்லுக்கும் அவள்தான் எண்ணினாள். நாடி பிடித்துப் பழகியவள், உதடு அசையாமல் எண்ணுவாள். ஐம்பத்திரண்டு வந்ததும் அவர் தோளில் ஒரு தட்டு. எட்டுப் பல்லிலும் கம்பி இழைக்கு இழை ஒட்டி, பட்டன் துளைக்கு நல்ல காஜா எடுத்தது போல உட்கார்ந்திருந்தது.

"அழகாத்தான் இருக்கு," என்றாள்.

டெய்லருக்கு வாயெல்லாம் பல். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலையில் மாட்டி, கிக்கரை உதைத்தார். எஞ்சின் ஓடியது. மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். முள் ஒரு மயிரிழை எழுந்து, வேண்டாமென்று படுத்துக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டெய்லர் முதலில் மீட்டரைத் திட்டினார். பிறகு ஒயரைத் திட்டினார். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். எல்லாம் சரி. வேறு வழியில்லாமல் வயர்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஒரு பல்லுக்கு வலப்பக்கம், அடுத்த பல்லுக்கு இடப்பக்கம், மாத்தி மாத்தித்தானே சுத்துனீங்க?"

டெய்லர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பாபினை யாராவது மாற்றிச் சுற்றுவார்களா? முப்பது வருடமாக அவர் கை ஒரே பக்கம்தான் சுற்றும்.

"எல்லாம் ஒரே பக்கமா?" என்றார் வயர்கடைக்காரர். "அப்ப நாலு பேர் தள்ளுறாங்க, நாலு பேர் இழுக்குறாங்க. வண்டி எங்க நகரும்? பிரிச்சுட்டுத் திருப்பிச் சுத்தணும். பிரிச்ச கம்பி உதவாது, மேல்பூச்சு விட்டுடும். நான் கல்யாணத்துக்கு வெளியூர் வந்திருக்கேன். நாளைக்கு ஒன்பது மணிக்குக் கடைக்கு வாங்க."

ஒன்பது மணிக்கு. ஆறு மணிக்கு நர்ஸம்மா வார்டில் இருக்க வேண்டும். மெக்கானிக் கடையும் ஞாயிறு பூட்டு. டெய்லர் மீட்டரை எடுத்து வைத்தார். உள்ளே போனார். அவள் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டேன்," என்றார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். காசை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டதைவிட, தன்னால் முடியும் என்று அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டதுதான் அதிகம் என்பதையும் சொன்னார். அது இரண்டு நாளாக அவர் தனக்கே சொல்லிக்கொள்ளாத விஷயம்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். திட்டவில்லை. "புரியுற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

அவர் ஒரு பாபினை எடுத்து, இரண்டு நுனியும் தொங்கும்படி நூலைச் சுற்றிக் காட்டினார். "கம்பி இந்த நுனியில உள்ள வந்து, சுத்திட்டு, அந்த நுனியில வெளிய போகுது. ஒண்ணு விட்டு ஒண்ணு அது தலைகீழா இருந்திருக்கணும்."

அவள் பாபினையே பார்த்தாள். பிறகு கோட்டின் காலரைத் தடவினாள். மேல்புறம் நைந்துபோயிருந்த காலர் அது. புதுக் கோட்டுக்குத் துணி வாங்க முடியாமல், போன வாரம்தான் டெய்லர் அதைத் திருப்பித் தைத்திருந்தார்.

"இந்தக் காலரைத் திருப்புறதுக்கு முழுக் கோட்டையும் பிரிச்சீங்களா?"

"எதுக்குப் பிரிக்கணும்? காலரை மட்டும் வெட்டி எடுத்து, மறுபக்கமா வச்சுத் தைச்சேன்."

"அப்ப சுத்தினது சுத்தினபடியே இருக்கட்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல வெட்டி, ஒண்ணு விட்டு ஒண்ணுல, போற நுனியில உள்ள விட்டு, வர்ற நுனியில வெளிய விட்டா என்ன?"

டெய்லர் மறுபடி போனை எடுத்தார். கல்யாண மேளச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அட, ஆமா," என்றார் வயர்கடைக்காரர். "ஏழு இடத்துல வெட்டணும், ஒட்டணும். நல்லாப் பத்த வச்சு மேல குழல் போட்டுடுங்க. யாரு சொன்னா இதை?"

"வீட்டுல," என்றார் டெய்லர்.

ஸ்டேட்டரைக் கழற்றி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஏழு இடத்தில் வெட்டினார். கம்பியின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டினார். மின்விசிறி வைத்தியத்துக்கு வாங்கிய சோல்டரிங் அயர்ன் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. எட்டாத இடத்தில் மிச்சக் கம்பித் துண்டைப் பாலமாக வைத்தார். தையல் பிரிக்கும் சின்ன இடுக்கியால் நர்ஸம்மா நுனிகளைப் பிடித்துக்கொள்ள, அவர் பற்ற வைத்தார். அவள் கை துளியும் நடுங்கவில்லை. மூன்றாவது ஒட்டில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதற்கு, "மூச்சை விடுங்க, ஊசி போடலை," என்றாள்.

நாலு மணிக்கு மறுபடி மாட்டி உதைத்தார். முள் துள்ளி எழுந்தது. முறுக்க முறுக்க ஏறி இருபது வோல்ட்டைத் தாண்டியது. அவள் விளக்கைப் போட்டாள். எதிர்ச்சுவரில் வெயில் இருக்கும்போதே வெளிச்ச வட்டம் தெரிந்தது. பிறகு அவர் அதைக் கழற்றி, வார்னிஷ் பூசி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டருகே வைத்துக் காயவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டி முடித்தார்.

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு அவள் பைக்கை வெளியே எடுத்தபோது டெய்லர் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"நீங்க எங்க?"

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு. ஸ்க்ரூடிரைவரும் இருக்கு."

பதினாலு கிலோமீட்டரும் டெய்லர் அவள் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். விளக்கு ஒரு இடத்தில்கூட மங்கவில்லை. வழியெல்லாம் அவர் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தார். எதை எண்ணுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. காவலாளி அவள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்ற டெய்லரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் யாரும்மா?"

நர்ஸம்மா திருப்பித் தைத்த காலரை நேராக்கிக்கொண்டாள்.

"என் மெக்கானிக்," என்றாள். "வீட்டுக்காரரும் இவர்தான்."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். டெய்லர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று காவலாளியிடம் விசாரித்தார்.