அவனுக்குச் சொன்ன ஊசி

சின்னப்பையன் சாராயத்தை விட்டு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அதை நாள் தவறாமல் எண்ணி வைத்திருந்தவள் அவன் மனைவி சொர்ணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தான். பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தான். கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது, இனி குடித்தால் ஆள் இருக்கமாட்டான் என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு விட்டான். பிரஸ்ஸில் நிற்கத் தெம்பு இல்லாததால் கம்பெனியில் அவனை வாசல் கேட்டுக்குக் காவலாக மாற்றினார்கள். காக்கிச் சட்டை தொளதொளவென்று தொங்க, ஸ்டூலில் உட்கார்ந்து வருகிற லாரி நம்பரை எழுதிக்கொண்டிருந்தான்.

திருமுல்லைவாயிலில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வாடகை வீடு. குழந்தை இல்லை. சொர்ணம் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் தெளிவாக உட்கார்ந்து அவளோடு பேசியது இந்த ஒரு வருஷமும் நாலு மாதமும்தான். உடம்பு போன பிறகு தனக்குப் புருஷன் கிடைத்தான் என்று பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்து செக்கப்புக்குப் போனபோது, வரலட்சுமி என்ற டாக்டரம்மா அவன் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். சொர்ணத்துக்கு விளங்கவில்லை. குழந்தைகளுக்குப் போடுவதா என்றாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். காமாலையில் பல வகை உண்டு. ஒரு வகை கெட்ட தண்ணீரில் வருவது. அது இந்த ஊரில் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும், இருந்தாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். இன்னொன்று பி வகை. ரத்தத்தில், ஊசியில் பரவுவது. நல்ல ஈரல் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்வார்கள். இவர் தாங்கமாட்டார்.

"இப்பவே இவருக்குக் கால்வாசி ஈரல்ல ஓடிக்கிட்டிருக்கும்மா. அதுமேல இன்னொரு அடி விழக்கூடாது. இந்தக் கிருமி இதுவரைக்கும் இவர் உடம்புல இல்ல. வர்றதுக்கு முன்னாடி போட்டுடணும். மூணு ஊசி. இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு."

ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை என்றும், இப்போது அங்கங்கே முகாம் வைத்துக் குறைந்த விலைக்குப் போடுகிறார்கள், அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

முகாமைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த மாதம் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, எய்ட்ஸைவிடக் கொடிய மஞ்சள் காமாலை என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனார்கள். அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம். சின்னப்பையன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

வரிசை மண்டபத்தைச் சுற்றி வந்து தெருவில் நின்றது. வாசலில் மேஜை போட்டு, கஜபதி என்பவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முகாம் நடத்திய சங்கத்தின் செயலாளர். தபால் ஆபீசில் இருந்து ரிட்டையரானவர். நல்ல மனுஷன். சின்னப்பையன் நிற்கமுடியாமல் சுவரில் சாய்வதைப் பார்த்து அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். என்ன உடம்புக்கு என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொர்ணம் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் குடியை விட்டதைக் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. ரத்த வாந்தி எடுத்தது, பதினெட்டு நாள், ஈரல் சுருங்கியது, கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது, இப்போது தேறியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கஜபதியின் பேனா நின்றுவிட்டது.

காமாலை வந்தவர்களுக்கு இந்த ஊசி கிடையாது என்றார். சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், 'லிவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஊசி போடும் டாக்டரைக் கேட்கச் சொன்னாள். அவர் மூச்சுவிட நேரமில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார், இதற்கெல்லாம் கூப்பிட முடியாது என்றார்.

"வந்தப்புறம் தடுத்து இன்னாம்மா ஆவப்போவுது? ஊசி போட்டு இவருக்கு எதுனா ஒண்ணு ஆயிடிச்சின்னா, சங்கத்துப் பேரு கெட்டுப்பூடும். நீ நல்லாத்தான கீற? நீ போட்டுக்கோ."

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். சொர்ணம் சின்னப்பையனைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"வந்ததுக்கு நீயாவது போட்டுக்க, சொர்ணம். நான் இங்கியே குந்திகினு கீறேன்."

அவனுக்காக எடுத்து வந்த பணத்தைக் கொடுத்து அவள் போட்டுக்கொண்டாள். இடது கை இரண்டு நாள் வலித்தது.

டாக்டரம்மாவிடம் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். அடுத்த செக்கப் நாலு மாதம் கழித்து. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதைவிட, மேஜை போட்டு உட்கார்ந்திருந்த படித்த மனுஷர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பே அவளைப் போகவிடாமல் செய்தது. மாசியில் இரண்டாவது ஊசிக்குப் போனபோது அவள் தனியாகத்தான் போனாள்.

ஆனால் அவனுக்கு ஒன்றும் போடவில்லையே என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. சோறு இறங்கவில்லை, காலை ஷிப்டு முடிந்து வந்தால் பாயில் சுருண்டுவிடுகிறான். அவர்கள் தெருவின் முனையில் ஒருவர் கிளினிக் வைத்திருந்தார். கம்பவுண்டராக இருந்து டாக்டர் ஆனவர். யார் போனாலும் சத்து ஊசி போடுவார். சிவப்பு மருந்து, போட்டதும் வாயில் ஒரு வாசனை ஏறும், ரெண்டு நாளைக்கு உடம்பு தெம்பாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கண்ணாடி ஊசி ஒன்று, பம்ப் ஸ்டவ்மேல் எவர்சில்வர் டப்பாவில் வெந்நீர். கூட்டம் அதிகமான நாளில் ஸ்டவ் அணைந்திருக்கும். தண்ணீர் மட்டும் இருக்கும். ஊசியை அதில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்.

சின்னப்பையன் வேண்டாம் என்றான். முகாமில் திருப்பி அனுப்பியதற்குப் பிறகு ஊசி என்றாலே அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. சொர்ணம்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வாரத்துக்கு ஒன்று என்று ஆறு ஊசி. ஒவ்வொரு முறையும் அவன் சட்டைக் கையை அவளே மடித்துவிட்டாள். தேறித்தான் வந்தான். கேட்டில் நின்றுகொண்டே ஒரு ஷிப்டு பார்த்துவிட்டேன் என்று வந்து சொன்னான்.

சித்திரை கடைசியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவன் கண்ணைப் பார்த்து ஜமீலா சொர்ணத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். மஞ்சளாக இருக்கிறது என்றாள். வயிறு நாலு நாளில் பானைபோல ஆயிற்று. சொர்ணம் அவன் திரும்பக் குடித்துவிட்டான் என்று நினைத்தாள். நினைத்ததோடு நில்லாமல் கேட்டும்விட்டாள். அவன் மறுத்தான். அவள் நம்பவில்லை. கம்பெனி லாக்கரைத் திறந்து பார்த்து வரும்படி அவன் தம்பி வேம்புலியை அனுப்பினாள். வேம்புலி அம்பத்தூரை அடுத்த பாடியில் லாரி ஓட்டுபவன், தினம் குடிப்பவன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் இல்லை அண்ணி, ஒரு டிபன் பாக்ஸும் துண்டும்தான் இருந்தது என்றான்.

பெரியாஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோக முடியாமல் டாக்சி வைத்துப் போனார்கள். வரலட்சுமி டாக்டர்தான் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். மறுநாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பி வகைக் கிருமி வந்திருக்கிறது, தடுப்பூசி போட்ட தேதிகளைச் சொல்லு என்றார். சொர்ணம் முகாமில் நடந்ததைச் சொன்னாள்.  வேறு எங்காவது ஊசி போட்டதுண்டா, பல் பிடுங்கியதுண்டா என்று டாக்டரம்மா கேட்டார். தெருமுனை கிளினிக்கைச் சொன்னாள். எத்தனை ஊசி என்றார். ஆறு.

"அவர் மாதிரி ஆளுக்குத்தாம்மா முதல்ல போடணும். நீ ஏன் திரும்ப வந்து என்னைக் கேக்கல?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.  போட்டிருந்தால் இது வந்திருக்காதா என்று மட்டும் சொர்ணம் கேட்டாள். ஈரல் கெட்டவர்களுக்கு ஊசி சில சமயம் பிடிக்காமலும் போகும், உறுதியாகச் சொல்லமுடியாது, ஆனால் ஒரு வழி இருந்தது என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் நாளிலிருந்து சின்னப்பையனுக்குப் பேச்சு குழறியது. கேட்டில் லாரி நிற்கிறது, நம்பர் எழுதவேண்டும் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தான். கட்டிலோடு கையைத் துணியால் கட்டினார்கள். சொர்ணத்தை யாரோ கம்பெனி ஆள் என்று நினைத்து, சார், ஊட்டுக்குப் போவணும், எங்க ஊட்ல தனியா கீது என்று கெஞ்சினான். நான்தான்யா சொர்ணம் என்று அவள் சொன்னால், அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சார் என்றான். ஐந்தாம் நாள் ரத்தமாக வாந்தி எடுத்தான். அவளே துடைத்தாள், துணியை அவளே அலசினாள். எட்டாம் நாள் மத்தியானம், வார்டில் சோறு கொடுத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டான்.

அவன் ரத்தத்தைத் தொட்டவள் என்பதால் அவளுக்கும் பரிசோதனை செய்தார்கள். காரியம் முடிந்து ரிப்போர்ட் வாங்கப் போனாள். உனக்கு ஒன்றும் வராது, போட்ட ரெண்டு ஊசியிலேயே நல்ல எதிர்ப்பு வந்திருக்கிறது, மூன்றாவதையும் விட்டுவிடாதே என்று அங்கிருந்த சின்ன டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். சொர்ணம் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் தெருமுனை கிளினிக்குக்குப் போனாள். வாசல் பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். இந்த ஊசியில்தான் என் புருஷன் போனான் என்றாள். உள்ளேயிருந்து அவர் வந்து, குடிச்சு ஈரல் வெந்தவன் செத்ததுக்கு நானா பொறுப்பு என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒருத்தி எழுந்து போனாள். மற்றவர்கள் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் வேம்புலிக்கு வயிறு வீங்கியது. அண்ணனுக்கு இருந்த அதே ஈரல் கோளாறு என்றார்கள். சொர்ணம் பாடிக்குப் போய், லாரி ஷெட்டில் எல்லோரும் பார்க்க அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். வரலட்சுமி டாக்டர் சோதித்துவிட்டு, கிருமி இல்லை, போடலாம் என்றார். இந்த முறை சொர்ணம் முகாமுக்குப் போகவில்லை. கடையில் மருந்தை வாங்கி, ஐஸ் வைத்த பிளாஸ்கில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, டாக்டரம்மா கண் முன்னால் புது ஊசி பிரித்துப் போடவைத்தாள். மூன்று ஊசியும் தேதி தவறாமல் போயிற்று. குடியை அவன் விடவில்லை. அதை விடச்சொல்லி அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

மூன்றாவது ஊசி போட்டு அவனையும் கூட்டிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குத் திரும்புகிற ரயிலில், வில்லிவாக்கம் தாண்டியதும், வேம்புலி கையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அண்ணனுக்கும் இத்த மாதிரி போட்டிருக்கலாம்ல, அண்ணி?"

குத்திக்காட்டவேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அவன் மூச்சில் அப்போதும் சாராய வாடை இருந்தது.

"போட்டிருக்கலாம்" என்றாள் சொர்ணம்.

அவன் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். அம்பத்தூரில் கூட்டம் ஏறியது. ஊசி போட்ட கையில் யாரும் இடித்துவிடாமல் அவள் எழுந்து அவனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.