அத்தை சொல்லிவைத்த லேப்டாப்

அன்று கடையில் இருந்தவர்கள் அத்தை, அவருடைய தம்பி, தம்பியின் மகள், தம்பியின் மைத்துனரான மாமா, மேசைக்குப் பின்னால் கடைக்காரர். பெண்ணின் அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வேறு ஈ, காக்கை கிடையாது.

அத்தை நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் நாற்காலி முதுகில் சாயமாட்டார். அந்தக் குடும்பத்தில் இயந்திரம் என்று எது வாங்கினாலும் கடைசி வார்த்தை அவருடையது. சொன்ன வார்த்தையை மாற்றியதும் கிடையாது. அவர் ஒரு பொருளை எடுத்து வைக்கச் சொன்னால், முன்பணம் கேட்காமல் எடுத்து வைக்கும் அளவுக்குக் கடைத்தெருவில் பெயர்.

போன வாரம் தனியாக வந்து வரிசையாக எல்லா லேப்டாப்பையும் தட்டிப் பார்த்தார். மெல்லியதாக, வெள்ளி நிறத்தில் இருந்த ஒன்றின் விசைகள் பஞ்சு போல இறங்கின. "இதை எங்களுக்கு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரரும் அதைக் கேட்டு வந்த இன்னொருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இவர்களுக்காக வைத்திருந்தார்.

இப்போது அது மேசைமேல் திறந்திருந்தது. கட்டட வடிவமைப்புப் படிக்கப் போகிற பெண் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

"அத்தை, சீனியர் அக்கா ஒரு ஆஸ்பத்திரி டிசைன் குடுத்திருக்காங்க. அதை இதுல ஒரு தடவை திறந்து பாத்துடறேனே?"

"எதுக்கு? கடைக்காரர் மேல நம்பிக்கை இல்லையா?"

"அவர் மேல இருக்கு. இந்த மிஷின் மேலதான் இல்ல."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார்.

"சும்மா இரும்மா, அக்கா பாத்தாச்சு" என்றார் அப்பா.

"அத்தை டைப் அடிச்சுப் பாத்தாங்கப்பா. நான் அஞ்சு வருஷம் கட்டடமில்ல வரையணும்?" பெண் அத்தை பக்கம் திரும்பினாள். "நீங்க மூக்குக்கண்ணாடி வாங்கினப்போ ஃபிரேம் அழகா இருக்குன்னா வாங்கினீங்க? எழுத்தைப் படிச்சுப் பாத்துட்டுத்தானே வாங்கினீங்க?"

அத்தை நாற்காலியை விட்டு எழுந்தார். "உட்காரு."

கடையில் பார்வைக்கு வைத்திருந்த லேப்டாப் எல்லாவற்றிலும் வரைகிற மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. வெள்ளி லேப்டாப்பில் ஆஸ்பத்திரி வந்து சேரவே வெகுநேரம் பிடித்தது. கட்டடத்தைத் திருப்பிப் பார்க்கப் பெண் மவுஸை இழுத்தாள். அம்புக்குறி போனது, கட்டடம் போகவில்லை. பிறகு அம்புக்குறியும் நின்றது.

"ரேம் கூட்டினா சரியாயிடுமா?" என்று கேட்டார் அப்பா.

"இந்த மாடல்ல கூட்ட முடியாது சார், போர்டோட ஒட்டியே வருது. படத்தை ஓட்டற கிராபிக்ஸ் கார்டும் தனியா இல்ல. எழுத, படிக்க அருமையான மிஷின்" என்றார் கடைக்காரர்.

அடுத்து, பெண் கைகாட்டிய, கம்ப்யூட்டர் கேம் ஆடுபவர்கள் வாங்கும் கறுப்பு லேப்டாப் வந்தது. தடியாக இருந்தது, விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடியது. அதில் ஆஸ்பத்திரி உள்ளங்கையில் வைத்த தட்டைப் போலச் சுற்றியது. உள்ளே விசிறி இரைந்தது.

"என்னம்மா, மாவு அரைக்குதா?" என்றார் மாமா.

அத்தை அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். "சார்ஜரே செங்கல் கனம் கனக்குது. இதைச் சுமந்துகிட்டு தினம் பஸ்ல போவியா? பாக்கறவங்க, பொண்ணு காலேஜுக்குப் போறாளா, விளையாடப் போறாளான்னு கேப்பாங்க."

"கேட்டா வரைஞ்சதைக் காட்டறேன். பேட்டரியும் ரெண்டு மணி நேரந்தான் நிக்கும், அதுவும் தெரியும். பேட்டரி தீந்தா காலேஜ்ல பிளக் இருக்கு அத்தை. கிராபிக்ஸ் கார்டு இல்லன்னா எங்க போய்ச் சொருகறது?"

அப்பா மகளின் காதருகே குனிந்தார். "அக்கா வார்த்தை குடுத்துட்டாங்கடா. வெள்ளியையே எடுத்துக்குவோம். பெரிய டிசைன்லாம் காலேஜ் லேப்ல போட்டுக்க."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கடையில் எல்லோருக்கும் கேட்டது.

பெண் சரியென்று தலையாட்டினாள். பென் டிரைவை உருவி மூடியைப் போட்டாள். அத்தை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப் என்றால், இன்னொருவர் எழுந்திருக்கும்வரை சுவரோரம் நிற்க வேண்டும். வீட்டுப் பெண் ஐந்து வருஷம் அப்படி நிற்பாள், கடைத்தெருவில் தன் பெயர் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அது கௌரவமாக அவருக்குப் படவில்லை.

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கடைக்காரருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"ஐயா, போன வாரம் வெள்ளியை எடுத்து வைக்கச் சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கறேன். தப்பு என்னோடது. நீங்க திருப்பி அனுப்பினவரைக் கூப்பிட்டுக் குடுத்துடுங்க. அவர் வரலைன்னா வேற ஆளை நானே கூட்டிட்டு வரேன்."

"அட, பரவால்லம்மா. இதெல்லாம் சகஜம்."

"உங்களுக்குச் சகஜம். எங்க வீட்ல இல்ல."

அப்பா தரையைப் பார்த்தார். மாமாவுக்கு இந்த முறை இருமல் வரவில்லை. கறுப்பு லேப்டாப்பைப் பெட்டியில் போடும்முன், அந்த விளக்குகளை அணைத்துக் கொடுக்கும்படி அத்தை கேட்டுக்கொண்டார். கடைக்காரர் அணைத்துக் கொடுத்தார்.

பெண் கடையில் அழுது ஆர்ப்பாட்டம் செய்து, பெரியவர் பேச்சை மீறி விளையாட்டு மிஷின் வாங்கிக்கொண்டாள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அவள் அழவில்லை. யார் பேச்சையும் மீறவில்லை. சொல்லை மாற்றியது அத்தை.