நாற்பத்தெட்டாவது தழும்பு

கண் ஆபரேஷன் முடிந்து, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு மாதுங்காவில் எங்கள் கட்டட வாசலில் வந்து இறங்கினேன். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணால் முதலில் வண்டியைத்தான் தேடினேன். வண்டி இல்லை.

மதிலோரம் அது நின்ற இடத்தில், காய்ந்த இலைகளுக்கு நடுவே, நீள்சதுரமாகச் சிமெண்டுத் தரை மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

"சுப்பு, வண்டி எங்கே?"

என் மனைவி சுப்புலக்ஷ்மி மருந்துப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். வாட்ச்மேன் தௌசீப் ஓடி வந்தான். தாராவியில் வளர்ந்தவன், தமிழும் ஹிந்தியும் கலந்துதான் பேசுவான்.

"அங்கிள், பில்டர் ஆளுங்க எட்டு மணிக்கு கிரேன் கொண்டாந்தாங்க. பங்கார் காடி, ஓட்டை வண்டி, தேவ்நார்ல காயலான் கடைக்குப் போகுதுன்னாங்க. அங்கிளோட வண்டின்னு நான் போலா, சொன்னேன். கதவுல கைப்பிடிகூட இல்ல, இதுக்கு ஒரு அங்கிளான்னு சிரிக்கிறான். புதன்கிழமையே கண்ணாடில வண்டிய எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினாங்களே?"

"அதை நான்தான் எடுத்தேன்" என்றாள் சுப்பு. "கண்ணாடியில ஒண்ணும் ஒட்டப்படாதுன்னு நீங்கதானேன்னா சொல்லுவேள்? ஏதோ விளம்பரம்னு நெனச்சுண்டு, ஈரப் பஞ்சால மெதுவா ஒத்தி எடுத்துப் போட்டேன்."

அவளைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை. சட்டம் என்னுடையது.

அந்த வண்டி 1958ஆம் வருஷத்து எம்.ஜி.; இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கைப்பிடி திருட்டுப் போகவில்லை. அந்த மாடலுக்கு வெளியில் கைப்பிடியே கிடையாது. உள்ளே கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். 1976இல், ஊரை விட்டுப் போன என் மேலதிகாரியிடமிருந்து வாங்கினேன். முதலில் பெயிண்ட் அடிக்கப் பணமில்லாமல் விட்டேன். பிறகு மனசில்லாமல் விட்டேன். தொழிற்சாலையில் பூசிய அதே சிவப்பு மங்கி, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. சுப்பு முழங்கை வைத்து வைத்து இடது கதவின் மேல்விளிம்பில் சிவப்பு தேய்ந்து, சாம்பல் நிற அடிப்பூச்சு தெரியும். 1983இல் தேங்காய் விழுந்த பள்ளம் பானெட்டில் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றையும் இடம், அளவு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தேழு தழும்புகள். தண்ணீர் கூடாது, மெழுகு கூடாது. ஆயுத பூஜைக்குக்கூட சந்தனம், குங்குமம் கூடாது, கறை ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் தொட்ட துணியால் நானே துடைப்பேன்.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காகப் போன மாதம் வண்டி நின்ற ஷெட்டை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வண்டி வெளியே நின்றது. நான் பாடுபட்டுக் காப்பாற்றிய பழைய தோலே அதற்கு எமனாக வந்து சேர்ந்தது.

"நீங்க தேவ்நார் போங்கோ. நான் பில்டர் ஆபீஸ்ல போய் உக்கார்றேன். அவா அங்க போன் பண்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள் சுப்பு.

ஆர்.சி. புத்தகமும் நோட்டும் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு, தௌசீப் வழி சொன்ன கடைக்கு டாக்ஸி பிடித்தேன். சயானில் பத்து நிமிஷம் அசையவில்லை. செம்பூர் தாண்டி மறுபடியும் நின்றது. எட்டு மணிக்கு எடுத்திருக்கிறான், இப்போது பன்னிரண்டு. ஒரு வண்டியை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

"காஸ் கட்டர் இருந்தா அரை மணி" என்றார் டிரைவர்.

காயலான் கடையின் தகரக் கதவுக்குள் நுழைந்ததும் கருகிய ரப்பர் நாற்றம். ஒற்றைக் கண்ணுக்கு எது அருகில், எது தூரத்தில் என்று பிடிபடவில்லை. எங்கே திரும்பினாலும் சிவப்பாக ஏதோ ஒன்று. சுவரோரம், அமுக்கி மடித்த தகரக் கட்டு ஒன்று கிடந்தது. அதே செங்கல் சிவப்பு. கிட்டப் போய்க் குனிந்து, கதவின் மேல்விளிம்பு எங்கே என்று விரலால் தடவினேன். சாம்பல் தேய்வு தட்டுப்படவில்லை. தகரத்தின் மடிப்பில் மாருதி என்ற பெயரில் பாதி தெரிந்தது. கேவலமாக, எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று எதையோ தேய்க்கும் சத்தம்.

பழைய பஸ் ஒன்றின் பின்பக்கம் போனேன். என் வண்டி முழுசாக நின்றது. அதன் பின் மட்கார்டு அருகே குந்தியிருந்த ஒருவர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்து! கையை எடு!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் துள்ளி எழுந்தார். உப்புத்தாள் கீழே விழுந்தது.

"ஐயா, வண்டி உங்களதா? கோவிக்காதிய. நான் வெட்டலய்யா. வெட்டத்தான் சொன்னாவ. கட்டரைப் பத்த வைக்கதுக்கு முந்தி, பெட்ரோல் கிட்ரோல் இருக்கான்னு உள்ள கையை விட்டுப் பாத்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில சந்தனம், குங்குமம், ஒரு மல்லியப்பூ. பூ முழுசா வாடக்கூட இல்ல. ஆளில்லாத வண்டிக்கு யாரு பொட்டு வைப்பா? எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. இங்க மேஸ்திரி, முக்காதம்கிட்ட சிலிண்டர்ல காஸ் தீந்துட்டுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் பெயர் சுடலைக்கண்ணன்; தாராவியில் வீடு, ஊர் ஏரல் பக்கம். யாரோ தேடி வருவார்கள் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"பின்ன எதுக்குத் தேய்ச்சீர்?"

"சாமி வண்டியாச்சே. இப்படி அழுக்காவா திருப்பிக் குடுக்கதுன்னு... பின்னாலருந்து ஆரம்பிச்சேன். சாயங்காலத்துக்குள்ள முழுசையும் பளபளன்னு ஆக்கிருப்பேன்."

முழுசையும். கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் சாயங்காலம் வந்து சேர்ந்திருந்தால், வெட்டுப்படாத என் வண்டி தோலுரிந்து நின்றிருக்கும்.

மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, புதுசாக, பச்சை ரணம் போல மின்னியது. குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் பார்த்தேன். சந்தனப் பொட்டுக்குக் கீழே பழைய பொட்டுகளின் கறை, அடுக்கடுக்காக, வருஷக் கணக்கில். நான் எழுதிய நாற்பத்தேழில் இது இல்லை.

போன் அடித்தது. சுப்பு. "வண்டியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி பில்டர்கிட்ட எழுதி வாங்கிண்டுட்டேன். அங்க முக்காதத்துக்குப் பேசியாச்சாம். வண்டி இருக்கா?"

"இருக்கு."

"முழுசா?"

"முழுசா. பொட்டோட."

"கறை படும்னு பயந்துண்டேதான் வெச்சேன்" என்றாள்.

முக்காதம் ஆர்.சி.யைப் புரட்டிப் பார்த்து, நாலு மணிக்குள் எடுத்துப் போகச் சொன்னார். நான் நோட்டைப் பானெட்டின் மேல் விரித்தேன். ஒற்றைக் கண்ணால் எழுதியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. எண் நாற்பத்தெட்டு. வலது பின் மட்கார்டு. உள்ளங்கை அளவு. உப்புத்தாள். சுடலைக்கண்ணன், தேவ்நார்.

அவர் எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார் போலிருக்கிறது. தன் பெயர் வந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, என் பேர எதுக்கு எழுதுதிய? போலீசுக்கா?"

"இல்லைய்யா. வண்டிக்கு."

அவர் நம்பவில்லை. வண்டியை நாங்கள் இருவரும் சேர்ந்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும், ஒரு கண்ணால் என் சட்டைப்பையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இருக்கிற ஒற்றைக் கண்ணால் நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.