முதல் மிடறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தை வீறிட்ட வேகத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பெற்றவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவின் மார்பருகே கொண்டுபோனாலே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுகிறது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள் அவள். குளத்துக் கம்பியை விடமாட்டேன் என்று அலறும் வாண்டுகள்கூட அவள் கையில் மிதந்துவிடும். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தான் தெரியவில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. குழந்தை சிணுங்கினாலே பல்லைக் கடித்துக்கொள்வாள். எடையும் ஏறவில்லை என்று டப்பாப் பாலும் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். போதாததற்கு நாத்தனார், "எங்க வீட்டுல யாருக்கும் பால் பத்தாம போனதே இல்ல" என்று போனில் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

பாலூட்டச் சொல்லித் தருவதற்கென்றே ஆலோசகர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இவளைக் கேட்காமலே நேரம் வாங்கியவன் கணவன். எலெக்ட்ரீஷியன்.

"இதுக்கெல்லாமா ஆள் வெச்சுக் கத்துக்கிறது? கேட்டா சிரிப்பாங்க" என்று எரிந்து விழுந்தாள்.

"நீச்சலுக்கு உன்கிட்ட வர்றவங்களைப் பாத்து நீ சிரிக்கிறியா?" என்றான்.

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நடுத்தர வயதுப் பெண். கணவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கை கழுவினார். "வீட்டுல எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே குடுங்க. நான் சும்மா பாக்கறேன்."

பார்த்தார். குழந்தையின் வாய்க்குள் விரலால் தடவிப் பார்த்தார். மார்பை மெல்ல அழுத்தியதும் துளிகள் திரண்டன.

"பாலுக்கு ஒண்ணும் குறையில்லம்மா. புள்ள நுனியை மட்டும் கவ்விக்கிட்டுத் தொங்குது. உங்களுக்கு வலி, அதுக்குப் பசி. மொதல்ல தோளை எறக்குங்க, காதுகிட்ட நிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளத்தில் தினமும் தொண்டை வறள அவள் சொல்லும் வார்த்தை அது.

சாய்ந்து உட்கார்ந்தாள். குழந்தையின் வயிறு தன் வயிற்றில் ஒட்டியிருக்க, மூக்கு காம்புக்கு நேராக வந்தது. "அவசரப்படாதீங்க. கொட்டாவி விடற மாதிரி வாய் தெறக்கட்டும். இப்ப!" பிடி வழுக்கியது. மறுபடி கவ்வியபோது வலியில் அவளுக்கு உயிரே போயிற்று. "வலியைப் பொறுத்துக்க வேணாம். ஓரமா விரலை விட்டு எடுத்துட்டுத் திரும்ப ஆரம்பிங்க."

இன்னொரு முறை. கண்ணை இறுக மூடி வலிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. குழந்தையின் தாடை படபடவென்று அசைந்து, பிறகு நிதானித்து, ஆழமாக இழுத்தது. சின்னதாக ஒரு சத்தம்.

"கேட்டுதா? முழுங்குது."

மூடியிருந்த கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது. அழுகிறோம் என்பதே சற்றுக் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்போ டப்பாப் பாலை நிறுத்திடலாமா மேடம்?"

"எடை ஏறற வரைக்கும் இருக்கட்டும். பீச்சி எடுத்தும் குடுங்க. அதெல்லாம் தோல்வி இல்லம்மா. அடுத்த வாரம் வாங்க, எடை பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

குழந்தையின் அழுகை நின்றதில் பயந்துபோய்க் கணவன் கதவைத் தட்டினான். ஆலோசகர் அவளைப் பார்க்க, அவள் தலையசைத்தாள். எட்டிப் பார்த்தவன் குசுகுசுத்தான்: "என்னாச்சு?"

"மகாராணி சாப்பிடறாங்க" என்றாள்.

அப்போதுதான் மறுபக்கத்து மார்பும் சுரந்து ரவிக்கை நனைவதைக் கவனித்தாள். துடைக்க ஏதாவது கொடு என்று கை நீட்டினாள். அவன் பையெல்லாம் துழாவிக் ஒயரில் சுற்றும் கறுப்பு டேப் சுருள் ஒன்றை எடுத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். அடக்க முடியாமல் அவள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். குழந்தை பிடியை விடவில்லை. அதன் இறுகிய முஷ்டி அவள் நெஞ்சின்மேல் விரல் விரலாகப் பிரிந்துகொண்டிருந்தது.